குறுக்குக் காற்று

ஜன்னல் மூடவில்லை.

ஒப்ராத் கைப்பிடியை இழுத்தான். கைப்பிடி கையோடு வந்தது. ஜன்னல் அங்கேயே இருந்தது.

"சிஸ்டர், இந்த ஜன்னல் மூட மாட்டேங்குது."

"ஆமா," என்றார் நர்ஸ் ஸ்லாவ்கா. பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"எதிர்ல வாசக் கதவும் திறந்திருக்கு."

"ஜனங்க வரணுமே."

"அப்ப இது குறுக்குக் காத்து."

ஸ்லாவ்கா இப்போது நிமிர்ந்தார். அவனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"அதேதான்," என்றார்.

குழந்தைகள் மருத்துவ நிலையத்தின் காத்திருக்கும் அறையில் மூன்று தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் தங்கள் குழந்தைகளின் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டார்கள்.

எதிரெதிராக இரண்டு திறப்பு, நடுவில் ஒரு மனிதர். அது போதும். அந்த ஊரில் கழுத்துப் பிடிப்பு, காதுவலி, கோணிப்போன வாய், இரண்டு விவாகரத்து, எல்லாம் அப்படி வந்தவை. வெளியே கோஷவா வேறு வீசிக்கொண்டிருந்தது. டான்யூப் ஆற்றின் வழியாக வரும் அந்தக் காற்று மூன்று நாள் வீசும். மூன்றில் நிற்காவிட்டால் ஏழு. ஏழில் நிற்காவிட்டால் இருபத்தொன்று. அன்று நான்காம் நாள்.

ஒப்ராத் மகளைப் பார்த்தான். இஸ்க்ராவுக்கு மூன்றரை வயது. இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, பூனைக் காது வைத்த கம்பளித் தொப்பி. வெளியே தெரிந்தது மூக்கு மட்டும். மூக்கு உலர்ந்திருந்தது. காலையிலிருந்து அதை அவன் ஆறு முறை சோதித்திருந்தான்.

மதியம் இரண்டு மணி வரைதான் நேரம்.

மழலையர் பள்ளியில் இஸ்க்ராவுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. தடுப்பூசிகள் அனைத்தும் போட்டாயிற்று என்று குழந்தை மருத்துவர் சான்று தராமல் சேர்க்க முடியாது, சட்டம். பள்ளி அலுவலகம் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மூடும். அன்று வெள்ளி. சான்று போகாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த குழந்தைக்குப் போகும். பட்டியலில் நாற்பத்தொரு குழந்தைகள் இருந்தார்கள். அவன் மனைவி யெலிட்சாவுக்குத் திங்கட்கிழமை பிஸ்கட் ஆலையில் வேலை தொடங்குகிறது. மூன்று வருடம் தேடிக் கிடைத்த வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

இஸ்க்ராவுக்கு ஒரே ஓர் ஊசிதான் பாக்கி. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது. ஒரு வயதில் போட்டிருக்க வேண்டும். பதினொரு முறை தள்ளிப்போயிருந்தது.

தள்ளிப்போன காரணங்கள் அவளுடைய மருத்துவ அட்டையில் ஸ்லாவ்காவின் கையெழுத்தில் இருந்தன. 'மூக்கு ஒழுகுவதாகத் தந்தை கூறுகிறார். பரிசோதனையில் இல்லை.' 'தும்மல், ஒன்று.' 'பேருந்தில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.' 'குழந்தை நலம். தந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது.' பதினொன்றாவதில் 'காற்று' என்று மட்டும் இருந்தது.

ஒப்ராத் ஊசிக்கு எதிரி இல்லை. இதை அவன் எல்லோரிடமும் சொல்வான். ஊசி போட வேண்டும், கட்டாயம் போட வேண்டும். உடம்பில் காற்றுப் படாத ஒரு நாளில் போட வேண்டும். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது இஸ்க்ரா மூச்சுத் திணறலோடு எட்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எட்டு நாளும் அவன் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் இருந்தான். கட்டிலுக்கு மேலே ஒரு ஜன்னல். அது சட்டத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. ஒரு விரல் இடுக்கு. ஜன்னல் பொருத்துவது அவன் தொழில். கையில் கருவி எதுவும் இல்லாமல் எட்டு நாள் அந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை பிழைத்துவிட்டது. இடுக்கு அவன் தலைக்குள் தங்கிவிட்டது.

"வீட்டுல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன், சிஸ்டர். இன்னிக்குப் போட்டுட்டுத்தான் போவேன்."

"நல்லது."

"ஆனா இந்தக் காத்துல குழந்தை கோட்டைக் கழட்ட முடியாது."

"கழட்டாம ஊசி போட முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினான். ஒட்டியிருந்தது. யெலிட்சா காலையில் ஆலைப் பயிற்சிக்குக் கிளம்பும்போது கையில் திணித்தது. ஸ்லாவ்கா பிரித்தார். உள்ளே தாயின் சம்மதக் கையெழுத்து இட்ட படிவம். கூடவே ஒரு துண்டுக் காகிதம். அதையும் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. படிவத்தை அட்டையில் செருகினார். துண்டுக் காகிதத்தை மடித்து அங்கியின் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒப்ராத், உங்க தொழில் ஜன்னல்தானே?"

"பதினெட்டு வருஷம்."

"வேன்ல சாமான் இருக்கா?"

"எப்பவும் இருக்கும்."

"அப்ப இப்படிப் பண்ணலாம். நீங்க ஜன்னலைப் பாருங்க. நான் பாப்பாவை உள்ள கூட்டிட்டுப் போறேன். எடை, உயரம் எடுக்கணும். உள்ள காத்து இல்ல."

"கதவைச் சாத்திக்குவீங்களா?"

"சாத்திக்குவேன்."

"சாவித் துவாரம்?"

ஸ்லாவ்கா கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"பஞ்சு வைக்கிறேன்," என்றார்.

மணி பத்து இருபது.

ஜன்னலில் மூன்று திருகாணிகள் இல்லை. கைப்பிடியில் இரண்டு, கீழ்க் கீலில் ஒன்று. ஒப்ராத் மண்டியிட்டுத் தரையில் தேடினான். ரேடியேட்டருக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தான். மூன்று தாய்மார்களையும் காலைத் தூக்கச் சொல்லித் தேடினான்.

துப்புரவு வேலை பார்க்கும் ஸ்தானா துடைப்பத்தோடு வந்து நின்றார். அறுபது வயது. ஒப்ராத் குடியிருக்கும் கட்டடத்திலேயே அவனுக்கு இரண்டு மாடி கீழே.

"என்ன மேஸ்திரி, எதைத் தொலைச்சீங்க?"

"நான் தொலைக்கல, அக்கா. இதுலேர்ந்து மூணு ஸ்க்ரூ காணோம். பெருக்கும்போது பாத்தீங்களா?"

"பெருக்கும்போது பாக்கல," என்றார் ஸ்தானா.

"மூணும் ஒரே நாள்ல தானாக் கழண்டு போகுமா?"

"கோஷவா, மேஸ்திரி. நாலு நாளா அடிக்குது. அது எதைத்தான் கழட்டாது."

ஒப்ராத் இதை ஏற்றுக்கொண்டான்.

வேனில் அறுநூறு திருகாணிகள் இருந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. யூகோஸ்லாவியா காலத்து மர ஜன்னல். அதைச் செய்த ஆலை இப்போது இல்லை. நாடும் இல்லை. அந்த அளவுத் திருகாணி மட்டும் எங்கிருந்து வரும்?

கொஞ்சம் தடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கீலில் வைத்து டிரில்லை அழுத்தினான். நாற்பது வருடமாக அந்த ஒரு நிமிடத்துக்காகவே காத்திருந்தது போல மரம் பிளந்தது. கீல் விழுந்தது. ஜன்னல் கதவு கண்ணாடியோடு சாய்ந்து அவன் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. அதை அணைத்தபடி மெல்லப் பின்வாங்கி, சுவரில் சாய்த்து வைத்தான்.

இப்போது மூடாத ஜன்னல் இல்லை. ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

கோஷவா உள்ளே வந்தது. மேசையிலிருந்த படிவங்கள் எழுந்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போயின. ஸ்தானா துரத்தவில்லை.

"வெத்துப் படிவம்தான்," என்றார். "பீரோ நிறைய இருக்கு."

மூன்று தாய்மார்களும் எழுந்துவிட்டார்கள்.

"இங்க மனுஷன் இருக்க முடியாது," என்றாள் சிவப்புக் கோட்டு போட்டிருந்தவள். "என் பையனுக்கு நிமோனியா வந்துடும்."

"உள்ள வாங்க," என்று ஸ்லாவ்காவின் குரல் ஊசி அறையிலிருந்து கேட்டது. "உள்ள காத்து இல்ல."

"நான் சும்மா கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன், சிஸ்டர். ஊசி பத்தி இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்."

"உள்ள உக்காந்து யோசிங்க."

சிவப்புக் கோட்டுக்காரி ஓட்டையைப் பார்த்தாள். ஊசி அறையின் கதவைப் பார்த்தாள். யோசித்தாள். உள்ளே போனாள். மற்ற இருவரும் அவளுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள்.

அறையில் ஓட்டையை மூடும் அளவுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. சுவரில் தொங்கிய தடுப்பூசி அட்டவணைப் பலகை. எந்த மாதத்தில் எந்த ஊசி என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு கொழுத்த குழந்தையின் படம். ஒப்ராத் அதைக் கழற்றி ஓட்டையில் வைத்து நான்கு மூலையிலும் முடுக்கினான். முடுக்கிய பிறகுதான் கவனித்தான்: எழுத்து வெளிப்பக்கம் போயிருந்தது.

தெருவில் இரண்டு பேர் நின்று படித்தார்கள்.

"பன்னிரண்டு மாசத்துல தட்டம்மையாம்," என்றது ஒரு குரல். "நம்ம மிலேவா பொண்ணுக்குப் போட்டாங்களா?"

"கேக்கணும்," என்றது இன்னொன்று.

ஊசி அறையின் கதவு திறந்தது. இஸ்க்ரா வந்தாள். கையில் ஒரு பலூன். ரப்பர் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்தது. ஐந்து விரலும் சேவல் கொண்டை போல விறைத்து நின்றன.

"அப்பா, நான் அழல."

"எடை பாக்கறதுக்கு யாராவது அழுவாங்களா?"

இஸ்க்ரா யோசித்தாள். "ஒரு பையன் அழுதான்."

"அவனுக்கு எடை ஜாஸ்தியா இருக்கும்."

ஸ்லாவ்கா நிலைப்படியில் நின்றார். "பாப்பா அரை மணி நேரம் இங்கதான் உக்காந்திருக்கணும். எங்கேயும் போகக் கூடாது. விதி."

"இன்னும் அரை மணியா? மணி பதினொண்ணு ஆகப்போகுது, சிஸ்டர். இரண்டு மணிக்குள்ள நான் அங்க நிக்கணும்."

"அரை மணி. முன்ன பின்ன முடியாது."

"இங்க குளிருதே."

அதை ஸ்லாவ்கா மறுக்கவில்லை. பலகையின் நான்கு பக்கமும் காற்று விசில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த வெப்பமானி பன்னிரண்டு காட்டியது. ஸ்தானா இஸ்க்ராவை நடைவழியின் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தார்.

ஒப்ராத் வேனுக்குப் போனான். ஈரச் சுவரைக் காய வைக்க அவனிடம் ஒரு ஹீட்டர் உண்டு. புதிதாகக் கட்டிய ஒரு மாடியையே ஒரு நாளில் காய வைத்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து அறையின் நடுவில் வைத்தான். செருகினான். போட்டான்.

விளக்கு அணைந்தது.

எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றான் ஒப்ராத்.

"சத்தம் இல்ல," என்றார் ஸ்தானா. "சத்தம் நின்னுடுச்சு."

ஸ்லாவ்கா வெளியே வந்தார். அன்று காலை முழுவதும் அவர் வேகமாக நடக்கவில்லை. இப்போது நடந்தார்.

"ஃபிரிஜ்," என்றார்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை. அதற்குள் தடுப்பூசி மருந்துகள் வைத்த ஃபிரிஜ். அது நின்றிருந்தது. கதவில் ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு. ஒரு நாளைக்கு இரண்டு முறை வெப்பத்தைக் குறித்து வைக்கும் நோட்டு. பதினான்கு வருடமாக அதில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

டாக்டர் பெரிஷிச் தன் அறையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். நெட்டையான பெண். குரல் உயராது, உயர்த்தத் தேவைப்பட்டதும் கிடையாது.

"யார் பண்ணினது?"

ஸ்தானா தரையைப் பெருக்கத் தொடங்கினார்.

"அப்பா," என்றாள் இஸ்க்ரா, நடைவழிக் கோடியிலிருந்து.

டாக்டர் ஒப்ராத்தைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார். ஓட்டையில் கிடந்த பலகையின் முதுகைப் பார்த்தார்.

"இரண்டுலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும்," என்றார். "இப்ப அஞ்சு. கதவைத் திறக்காம இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். எட்டைத் தாண்டினா உள்ள இருக்கறதை ஒண்ணும் நம்பிப் போட முடியாது."

"உள்ள எவ்வளவு இருக்கு, டாக்டர்?"

"முந்நூறு குழந்தைகளுக்கு. இந்த வட்டாரத்துக்கே."

ஒப்ராத் உட்கார இடம் தேடினான். பிறகு உட்காரவில்லை.

"ஃபியூஸ் பெட்டி எங்க?"

"பூட்டியிருக்கு. சாவி காவலாளிகிட்ட."

"அவர் எங்க?"

"மூணு நாளா லீவு," என்றார் ஸ்தானா. "கழுத்துப் பிடிப்பு. குறுக்குக் காத்து."

ஒப்ராத் தலையாட்டினான். மேற்கொண்டு கேட்க அதில் ஒன்றுமில்லை.

"ஆள் அனுப்பறேன்," என்றார் டாக்டர். "ஆனா அவர் மெதுவாத்தான் வருவார். ரோடைக் கடக்கறதுக்கு உடம்பையே திருப்பணும்."

வெப்பமானி ஆறு காட்டியது. ஸ்லாவ்கா நோட்டில் எழுதினார்.

பக்கத்துக் கட்டடம் ரொட்டிக்கடை. அங்கே மின்சாரம் இருந்தது. வேனில் ஐம்பது மீட்டர் ஒயர் இருந்தது; கட்டடத்தைச் சுற்றி வாசலுக்கு வர அது போதாது. ரொட்டிக்கடையின் பக்கவாட்டுக் கதவிலிருந்து மருத்துவ நிலையத்துக்குள் ஒயர் வர ஒரே வழிதான் உண்டு. ஒப்ராத் அந்த வழியைப் பார்த்தான். அரை மணிக்கு முன்புதான் நான்கு திருகாணி போட்டு மூடியிருந்தான்.

கழற்றினான். கோஷவா திரும்பி வந்தது.

ஒயர் ஓட்டை வழியாக வந்து, அறையைக் கடந்து, வாசலோரம் இருந்த ஃபிரிஜ் அறைக்குள் போனது. அங்கே ஒரு புதிய சிக்கல். ஃபிரிஜ் அறையின் கதவில் ஸ்பிரிங் இருந்தது. விட்டால் தானே மூடி ஒயரை நசுக்கும். முதல் தடவை நசுக்கியது, தீப்பொறி பறந்தது. கதவுக்கு நாற்காலி வைத்துப் பார்த்தான். ஸ்பிரிங் நாற்காலியைத் தள்ளியது. அதுவும் யூகோஸ்லாவியா காலத்து ஸ்பிரிங். யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நிற்க வேண்டிய இடம் ஓட்டைக்கும் வாசலுக்கும் நேர் நடுவில் இருந்தது.

ஒப்ராத் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போய் நின்றான். தோளால் கதவைத் தாங்கிக்கொண்டான். ஃபிரிஜ் முனகியது, உறுமியது, ஓடத் தொடங்கியது.

"ஏழு," என்றார் ஸ்லாவ்கா. எழுதினார்.

ரொட்டிக்கடைக்காரர் ஓட்டை வழியே தலையை நீட்டினார். "ஒயர் வந்துதா, மேஸ்திரி?" ஒப்ராத் நிற்கும் இடத்தைக் கவனித்தார். குரல் தணிந்தது. "காத்துல நிக்கறீங்க."

"தெரியும்."

"நேர்க் காத்து."

"தெரியும்."

ரொட்டிக்கடைக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். "ராக்கியாச் சாராயம் கொண்டு வரவா? குடிக்கவும் ஆகும், கழுத்துல தேய்க்கவும் ஆகும்."

"வேண்டாம். குழந்தையோட வந்திருக்கேன்."

இஸ்க்ரா பெஞ்சிலிருந்து இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள். கையுறைப் பலூன் காற்றில் அவள் கையை இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, உனக்குக் காத்து அடிக்குது."

"அடிக்கட்டும், கண்ணு. நீ ஓரமாப் போ."

"நீ தொப்பி போடல."

அவள் தன் தொப்பியைக் கழற்றினாள். ஒப்ராத் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான். கதவு அரை அடி நகர்ந்தது. ஃபிரிஜ் இருமியது. கையை இழுத்துக்கொண்டான். கதவைத் தாங்கியபடி குனிவதைத் தவிர அவனால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. இஸ்க்ரா தொப்பியை அவன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். பூனைக் காது இரண்டும் நிமிர்ந்து நின்றன.

அவள் அவன் பக்கத்திலேயே நின்றாள். முடி பறந்தது. பிஸ்கட் தின்றாள். அவன் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. மூக்கு உலர்ந்தே இருந்தது.

"ஆறரை," என்றார் ஸ்லாவ்கா. பிறகு, "ஆறு." பிறகு, "அஞ்சரை."

சிவப்புக் கோட்டுக்காரி தன் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பையன் கையிலும் ஒரு கையுறைப் பலூன் இருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. பூனைக் காதோடு காற்றில் நிற்கும் மனிதனைப் பார்த்ததும் அவள் நின்றாள்.

"இவருக்கு என்ன?" என்று ஸ்தானாவைக் கேட்டாள்.

"முந்நூறு குழந்தைகளுக்காக நிக்கறார்," என்றார் ஸ்தானா.

அவள் தன் சால்வையை அவிழ்த்து அவன் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாள். பூப் போட்ட சால்வை.

காவலாளி வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. கழுத்தில் பட்டை. பெட்டியைத் திறந்து பீங்கான் ஃபியூஸ் ஒன்றை மாற்றினார். ஒரு நிமிட வேலை. விளக்குகள் எரிந்தன.

"எந்த மடையன்யா இங்க ஹீட்டர் போட்டது?"

"நான்தான்," என்றான் ஒப்ராத்.

காவலாளி முழு உடம்போடு திரும்பி அவனைப் பார்த்தார். காதுகளைப் பார்த்தார். பூச் சால்வையைப் பார்த்தார். பிறகு முழு உடம்போடு திரும்பிப் போனார்.

ஒப்ராத் கதவை விட்டான். அது மூடிக்கொண்டது. தோள் மரத்திருந்தது. ஓட்டை இன்னும் ஓட்டையாகவே இருந்தது. ஒயரைச் சுருட்டினான். மணி ஒன்று பத்து. பள்ளிக்கு வேனில் பத்து நிமிடம்.

அவன் ஸ்லாவ்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"சிஸ்டர், போட்டுடுங்க."

"எதை?"

"ஊசியை. ஜன்னல் மூடல. இனிமே இன்னிக்கு மூடாது. பரவாயில்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல காத்துல நின்னேன், ஒண்ணும் ஆகல. ஆகும்னா நாளைக்குத் தெரியும். இவளும் தொப்பி இல்லாம நின்னா. அந்த ஃபிரிஜ்ல இருக்கறதுல ஒண்ணு இவளோடது. போட்டுடுங்க. நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

இஸ்க்ராவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஸ்லாவ்கா அவனை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டரின் கையெழுத்து. வட்ட முத்திரை. கீழே ஊசி போட்ட நாள், நேரம்.

10.40.

ஒப்ராத் இரண்டு முறை படித்தான். பத்து நாற்பதுக்கு ஜன்னல் அவன் நெஞ்சின் மேல் இருந்தது.

"எடை எடுக்கத்தானே கூட்டிட்டுப் போனீங்க?"

"எடுத்தேன். பதினஞ்சு கிலோ இருநூறு. துணியில்லாம."

"அந்த அரை மணி?"

"ஊசி போட்டா அரை மணி உக்கார வச்சுப் பாக்கணும். விதி. சொன்னேனே."

அவன் குனிந்து இஸ்க்ராவின் ஸ்வெட்டர்க் கையை மேலே தள்ளினான். அதற்குள் இருந்த இன்னொரு ஸ்வெட்டர்க் கையையும் தள்ளினான். தோளுக்குக் கீழே ஒரு சிறிய வட்டப் பிளாஸ்டர். அதில் ஒரு மீன் படம்.

"அழலன்னு சொன்னேன்ல," என்றாள் இஸ்க்ரா.

ஒப்ராத் காலியாகிவிட்ட காத்திருக்கும் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். தாளை நான்காக மடித்தான். விரித்தான். மறுபடி மடித்துச் சட்டையின் உள்பைக்குள் வைத்தான்.

"நான் பக்கத்துல இருந்திருக்கணும்," என்றான்.

"இருந்திருந்தா இது பன்னிரண்டாவது தடவை," என்றார் ஸ்லாவ்கா. பதிவேட்டைத் திறந்தார்.

அவனுக்கு மருத்துவ அட்டை நினைவுக்கு வந்தது. எழுந்து, சுவரில் சாய்ந்திருந்த ஜன்னல் கதவின் பிளந்த மரத்தை விரலால் தடவினான்.

"திங்கக்கிழமை வந்து புது ஜன்னல் போட்டுத் தரேன். என் செலவு. ஆனா இது நல்ல ஜன்னல். அந்த மூணு ஸ்க்ரூ மட்டும் கிடைச்சிருந்தா எல்லாத்தையும் அப்பவே முடிச்சிருப்பேன்."

ஸ்தானா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். மேலங்கிப் பைக்குள் கை விட்டு, மூன்று திருகாணிகளை எடுத்து அவன் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"அதையேதான் யெலிட்சாவும் காலையில படியிறங்கி வந்து சொன்னா, மேஸ்திரி: 'ஒண்ணு கழட்டினா அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டு உள்ள வந்துடுவார் அக்கா, மூணையும் கழட்டிடுங்க'ன்னு."